சிவப்புத் துணி கட்டிய கேன்

பூவார் கரையில், உதியன்குளங்கரை போகும் பஸ்ஸுக்கு நேரம் இருப்பதால் நிற்கிறேன். பாறைக்குப் பக்கத்தில் கடலில் ஒரு வெள்ளைக் கேன் மிதக்கிறது. அதன்மேல் நட்ட குச்சியில் சிவப்புத் துணி. யாரோ தவறவிட்டது என்று நினைக்கிறேன்.

"அதுக்கு கீழ எனக்க வீட்டுக்காரராக்கும்," என்கிறாள் பக்கத்தில் கூடையோடு நிற்கும் பெண். "சிப்பி எடுக்க முங்கியிருக்காரு. துணியக் கண்டா வள்ளக்காரன் விலகிப் போவணும்."

ஆனால் ஒரு எஞ்சின் வள்ளம் நேராகக் கேனை நோக்கி வருகிறது. அதில் இருப்பவர்கள் வலையைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்கள். சத்தம் போடலாமா என்று தயங்குகிறேன்.

"எலே, மாறிப் போங்கலே! கீழ ஆளு உண்டு!" என்று அவள் கத்துகிறாள்.

கேட்கவில்லை. கேனிலிருந்து கீழே போகும் கயிறு வள்ளத்தில் சிக்கி, கேன் அதோடு போகிறது.

"கயிறு அவர் இடுப்பிலயா?" என்கிறேன்.

"இடுப்புல கெட்டுனா ஆளும் கூடப் போவுமே அக்கா. கையிலதான் பிடிப்பாரு. இழுத்தா விட்டுருவாரு. பேடிக்காண்டாம்."

பயப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டை நெரிக்கிறாள். வாயை நம்புவதா, கையை நம்புவதா? ஓடும் கேனைப் பார்ப்பதா, அது இருந்த இடத்தைப் பார்ப்பதா? ஒன்றும் புரியவில்லை.

பாறைக்கு அப்பால் ஒரு தலை எழும்புகிறது. எழும்பியதும் வள்ளக்காரனை அவன் தகப்பனோடு சேர்த்துத் திட்டுகிறது.

"கேட்டியளா? ஆளு சொகமாக்கும்!" என்று சிரிக்கிறாள்.

என் கையை மட்டும் இன்னும் விடவில்லை.