இடி விழுந்த பிரிண்டருக்கு லீவு

பாலக்காட்டில் என் மேசைக்கு எதிரே உள்ள சுவரில் ஓர் அரைத்தாள் ஒட்டியிருக்கிறது. கோடு போட்ட தாள், நீல மை, இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து. அதில் வரிசையாக முப்பத்தேழு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண், எண்ணுக்கு எதிரே ஒரு குறிப்பு. ஸ்டோர் கம்ப்யூட்டர், ஹாஜர். தராசு ரூம் கேமரா, ஹாஜர். பெரிய பிரிண்டர், இடி விழுந்தது. சின்ன பிரிண்டர், ரிப்பேருக்குப் போனது, திரும்பவில்லை. பழைய கம்ப்யூட்டர் இரண்டு, முந்தைய துரை கூடக் கொண்டுபோனார். டிஸ்பென்சரி கம்ப்யூட்டர், மழையில் நனைந்து சீக்கு. ஆபீஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள். நானும் முதல் தடவை வாய்விட்டுத்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. தாளின் அடியில் வேறு மையில் முப்பத்தெட்டாவதாக ஒரு வரி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுதியவர் ஏலப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு டீ எஸ்டேட்டின் ஃபேக்டரி ஆபீஸில் பெரிய கிளார்க்காக இருந்தவர். தோட்டத் தொழிலாளிகளுக்கான லயத்து வரிசை வீடுகளில் இருந்த நாங்கள் அவரைக் கிளார்க்கையா என்றுதான் சொல்வோம். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் எப்போதும் ஒரு குடை, யார் என்ன கேட்டாலும் முதலில் 'பாப்பம்' என்ற ஒரு சொல். செக்ரோல் எனப்படும் பேர்ப்பதிவுப் புத்தகம் அவர் கையில்தான் இருந்தது. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பது அதில் ஏறும். சின்ன வயதில் கடவுளும் இப்படி ஒரு புத்தகத்தோடு குடை பிடித்துக்கொண்டு இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் அதைச் சொல்லி அடியும் வாங்கியிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த பாலக்காட்டுக் கம்பெனி சின்னது. நாங்கள் செய்து விற்ற சாமானும் எளிமையானதுதான். ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா என்று எத்தனையோ ஒரே வலையில் கோத்திருக்கும். அவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று தேடிப் பார்த்துத் திரையில் வரிசையாகக் காட்டுவது எங்கள் அப்ளிகேஷனின் வேலை. நான் அப்போது தற்காலிகம். அப்ளிகேஷனைத் திறந்தவுடன் நடக்கும் முதல் பகுதியை எழுதியது நான். எங்கள் ஆபீஸில் அது இரண்டு விநாடியில் திறந்தது. கிளார்க்கையாவின் ஆபீஸில் திறக்கச் சொன்னால் வெள்ளை வெளேரென்று ஒரு சதுரம் வந்து நிற்கும், அம்புக்குறி வட்டமாகிச் சுற்றும், அதோடு சரி. அவர் போய்ப் பால் விடாத ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டு வந்து, இன்னும் திறக்கவில்லையே என்று மறுபடி அமுக்குவார். பிறகு இரண்டு வெள்ளைச் சதுரங்கள் நிற்கும். எங்களுக்கு வந்த அவருடைய புகார்க் கடிதத்தில், 'மேற்படி அப்ளிகேஷன் காலையில் எழுந்திருக்க மறுக்கிறது, அனுமதி இல்லாத ஓய்வாகக் கருத வேண்டியுள்ளது' என்று இருந்தது.

எங்கள் மேனேஜர் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளிக்காரர். ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தை நீட்டினார். "உங்க ஊருப் பக்கந்தானுங்களே அம்மிணி, ஒரெட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருங்க. வெள்ளிக்கெழம அங்கத்த மேனேஜரு தொறந்து பாக்கறாராமா. அன்னைக்கும் தூங்குச்சுன்னா சாமானத் திருப்பி அனுப்பிருவாங்க. அப்பறம் உங்களத் தொடர்ந்து வெச்சுக்கோன்னு நான் யாருகிட்டயும் சொல்ல முடியாதுங்க" என்றார். கொங்குத் தமிழில் வேலையை விட்டு நீக்குவேன் என்று சொன்னால்கூட விருந்துக்குக் கூப்பிடுவது போலத்தான் கேட்கும். நான் சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. அப்பா இல்லை. அம்மா அந்த எஸ்டேட்டில்தான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் படித்து வேலைக்குப் போன ஒரே ஆள் நான்.

கோட்டயத்தில் பஸ் மாறி, குட்டிக்கானத்தில் இன்னொரு தடவை மாறி, செவ்வாய்க்கிழமை அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை கிளார்க்கையா முன்னால் நின்றேன். நாலாம் நம்பர் லயத்துப் பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனி ஆளாக வந்திருப்பதில் அவருக்குப் பெருமையா, சந்தேகமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "ஒன் சாமானு ரொம்பச் சோம்பேறிப் பிள்ள" என்று மட்டும் சொன்னார். நான் முதலில் மலையின் இன்டர்நெட் லைன் மேல் பழி போட்டேன். பிறகு வைரஸ் தடுப்பு மேல், பிறகு அவருடைய கிழட்டுக் கம்ப்யூட்டர் மேல். புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான், நாங்கள் எழுதியதைக் கடைசியாகத்தான் சந்தேகிப்போம். ஆனால் என் லேப்டாப்பை அதே வலையில் மாட்டித் திறந்தால் மூன்றே விநாடி. அவர் மேசையில் ஐம்பத்திரண்டு. ஐந்து தடவை கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஐந்து தடவையும் ஐம்பத்திரண்டு. தற்செயலான கோளாறு இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

அப்ளிகேஷன் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு படியிலும் 'இங்கே வந்துவிட்டேன்' என்று அது ஒரு வரி எழுதிவைக்கும்படி மாற்றினேன். சாயங்காலத்துக்குள் அகப்பட்டுவிட்டது. அது கடைசியாக எழுதியது, 'நிரந்தரப் பட்டியலைக் கூப்பிடுகிறேன்' என்ற வரி. அதற்குப் பின் ஐம்பத்திரண்டு விநாடிக்கு மூச்சுப் பேச்சில்லை. இந்த நிரந்தரப் பட்டியல் என் கைங்கரியம். கட்டாயம் பார்க்க வேண்டிய சாமான்களின் பேரையும் வலையில் அவற்றுக்குரிய எண்ணையும் கையால் ஏற்றிக்கொள்ளலாம். திறந்ததும் அப்ளிகேஷன் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதிலுக்கு இரண்டு விநாடி காத்திருந்து, பிறகு அடுத்ததைக் கூப்பிடும். எல்லாம் முடிந்த பிறகுதான் ஜன்னலையே வரையும். யாராவது நாலைந்து பேர் ஏற்றுவார்கள் என்று நினைத்துச் செய்தது. என் லேப்டாப்பில் அந்தப் பட்டியல் காலி, கிளார்க்கையா முப்பத்தேழு ஏற்றியிருந்தார். அதில் பதினொன்றுதான் உயிரோடு இருந்தது, அவை உடனே பதில் சொல்லிவிட்டன. பாக்கி இருபத்தாறும் செத்தவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு விநாடி.

காரணம் தெரிந்த சந்தோஷத்தில்தான் அந்த அரைத்தாளைப் பார்த்துச் சிரித்தேன். அதைப் பார்த்துத்தான் அவர் எல்லாவற்றையும் ஏற்றியிருந்தார். "கிளார்க்கையா, இடி விழுந்த பிரிண்டரெல்லாம் எதுக்கு இதுல? எடுத்துருவோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பேர வெட்டப்புடாது" என்றார். "அது செத்துப் போச்சே ஐயா." "செத்துச்சுன்னு ஒனக்கு எவன் சொன்னான்? சின்ன பிரிண்டரு ரிப்பேருக்குத்தான் போயிருக்கு. நாளைக்கு வந்துச்சுன்னா அதுக்கு எடம் வேணாமா?" அந்தப் பிரிண்டர் ரிப்பேருக்குப் போகும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பேன். மழையில் நனைந்த கம்ப்யூட்டரின் பெட்டியில் டிஸ்பென்சரிக்காரர் மல்லி வளர்க்கிறார் என்பது எஸ்டேட்டுக்கே தெரியும். எதைச் சொன்னாலும் அவர் குடைக்கம்பியைத் தடவிக்கொண்டு, பாப்பம் என்றார்.

வியாழக்கிழமை அவர் சாயா குடிக்கப் போன நேரத்தில் நான் இருபத்தாறையும் நீக்கினேன். அப்ளிகேஷன் இரண்டு விநாடியில் திறந்தது. எங்கள் மேனேஜருக்கு போன் போட்டு, சரியாயிடுச்சுங்க என்று சொல்லிவிட்டு, கேன்டீனில் போய் ஒரு முழுப் பரோட்டா சாப்பிட்டேன். மத்தியானம் திரும்பி வந்து திறந்தால் வெள்ளைச் சதுரம். கடிகாரத்தைப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு. கிளார்க்கையா ஒற்றை விரலால் இருபத்தாறு பேரையும் எண்ணையும் திரும்ப அடித்து ஏற்றிவிட்டு, அரைத்தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் வேலையே போய்விடும், ஒரு செத்த பிரிண்டருக்காக இப்படி அடம் பிடிக்கிறீர்களே என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். அவர் திரும்பக் கத்தவில்லை. "முப்பது வருசத்துல நான் மூணு பேரத்தான் வெட்டிருக்கேன். மூணு ஊட்டுக்கும் பூட்டு விழுந்துச்சு" என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு தராசு ரூமுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் நான் வீட்டுப் படியேறும் முன்பே செய்தி ஏறியிருந்தது. அம்மா சட்டியைத் துலக்கிக்கொண்டே, "ஏட்டி, கிளார்க்கையாட்ட வாய்க்கு வாய் பேசிட்டு வந்தியாம்ல?" என்றாள். நான் நியாயத்தைச் சொல்லத் தொடங்கினேன், அவள் சட்டியை வைத்தாள். "ஒங்கப்பா நெஞ்சுச் சளியில பதினாலு மாசம் படுத்துக் கெடந்தாருல்லா? அவ்வளவு நாளு எந்தச் சட்டத்துல லீவு உண்டு? எனக்கு அப்ப நெரந்தரம் ஆவல. அவரு பேர வெட்டியிருந்தா அந்த மாசமே இந்த ஊட்ட விட்டு எறங்கியிருக்கணும். மாசா மாசம் சீக்கு லீவுன்னு எழுதுனாரு அந்த மனுசன். மேல உள்ளவன் கேட்டதுக்கு, ஆளு வந்துருவாப்லன்னு சொன்னாரு. எனக்கு நெரந்தரம் ஆயி மறு மாசந்தான் அப்பா போனாரு. நீ பத்தாங் கிளாசு எங்க உக்காந்து படிச்ச?" என்றாள். நான் உட்கார்ந்து படித்த இடத்தில்தான் அப்போதும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடமும் அது எனக்குத் தெரியாமல் போனதே என்று அழுகையும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபீஸுக்குப் போகும் வழியில் மஸ்டர் நடந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகும் முன் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் மஸ்டர். பிறந்ததிலிருந்து பார்த்தது என்பதால் ஒருநாளும் கவனித்ததில்லை. சூப்பர்வைசர் ஒரு பேரைக் கூப்பிட்டார், பதில் இல்லை. அவர் புள்ளி வைத்துவிட்டு அடுத்த பேருக்குப் போனார். பதில் சொன்ன பெண்கள் அதற்குள் இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைக் கட்டிக்கொண்டு மலையேறத் தொடங்கியிருந்தார்கள். வராதவள் பேர் புத்தகத்தில் இருந்தது, ஆனால் அவளுக்காக ஒருத்தியும் நிற்கவில்லை. நான் அங்கேயே ரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். குற்றம் பட்டியலில் இல்லை. ஒருவர் பதில் சொல்லும்வரை எஸ்டேட்டையே நிறுத்திவைத்தது நான் எழுதிய மஸ்டர்தான்.

பதினொரு மணிக்குள் மாற்றி எழுதிவிட்டேன். முதலில் ஜன்னலைத் திற, பேர்களை எல்லாம் சாம்பல் நிறத்தில் போடு, எல்லோரையும் ஒரே நேரத்தில் பின்னாலிருந்து கூப்பிடு, பதில் சொன்னவரைப் பச்சையாக்கு, சொல்லாதவர் சாம்பலாகவே கிடக்கட்டும். கிளார்க்கையா தராசு ரூமிலிருந்து வந்து, குடையை மூலையில் சாத்திவிட்டு, பட்டியலை மேலிருந்து கீழாக விரல் வைத்து எண்ணினார். முப்பத்தேழும் இருந்தன. "நேத்துப் பேசுனதுக்கு மன்னிச்சிருங்க ஐயா. அப்பா லீவு விசயம் அம்மா சொன்னாங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அது கெடக்கட்டும். இந்த மழையில நனஞ்சதுக்கு எதுக்க 'சீக்கு'ன்னு போட எடம் இருக்கா, பாரு" என்றார். இருந்தது. தாளில் இருந்த எல்லாக் குறிப்பையும் போட்டோம்.

பன்னிரண்டு மணிக்கு எஸ்டேட் மேனேஜரான துரை வந்தார். கோட்டயத்துப் பக்கத்து மலையாளி, அவசரக்காரர். அமுக்கினார், இரண்டு விநாடியில் திறந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவர் சாம்பல் வரிகளை உற்றுப் பார்த்து, "இதெந்தா கிளார்க்கே, இத்ரயும் பேர் மிண்டாதெ இரிக்குந்நது?" என்று கேட்டார். இத்தனை பேர் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்று. என் உயிர் மறுபடி கிளம்பியது. கிளார்க்கையா கொஞ்சமும் அசையாமல், "அவரொக்கெ லீவிலா சாரே" என்றார், அவர்கள் எல்லோரும் லீவில் என்று. துரை அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், இடி விழுந்தது என்ற குறிப்பைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, சாமானை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். எங்கள் மேனேஜர் போனில், "உங்க பேர நெரந்தரத்துல போட்டுறலாமுங்க அம்மிணி" என்றார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கிளார்க்கையா அந்த அரைத்தாளை என்னிடம் நீட்டினார். கம்ப்யூட்டரில் பத்திரமாக இருப்பதால் இனி அது வேண்டாமாம். குட்டிக்கானத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பிரித்து, அடியில் புதிதாக ஏறியிருந்த வரியைப் பார்த்தேன்.

போன வருடம் அவர் ஓய்வுபெற்றுத் தென்காசிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அம்மாவும் ஓய்வுபெற்று, லயத்து வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு, என்னோடு பாலக்காட்டில் இருந்துகொண்டு இங்கத்துத் தண்ணீர் சப்பென்றிருக்கிறது என்று தினமும் குறை சொல்கிறாள். அந்த எஸ்டேட் செக்ரோலில் எங்கள் வீட்டுப் பேர் இப்போது ஒன்றுகூட இல்லை. போன வாரம் அந்த ஆபீஸின் புதுக் கிளார்க் கூப்பிட்டாள், சின்னப் பெண். இடி விழுந்த பிரிண்டர் வகையறாக்களைப் பழைய கிளார்க் எடுக்கக்கூடாது என்று எழுதிவைத்துப் போயிருக்கிறார், அதனால் தொடவில்லை என்றாள். "ஆனா மேடம், கடைசியில ஒண்ணு இருக்கு. 'நாலாம் நம்பர் லயத்துப் பிள்ளை, வெளியூர் வேலை, லீவு'ன்னு. என்ன மெசின்னே தெரியல. இதுவரைக்கும் ஒரு தடவகூட பதில் வரல. எடுத்துரட்டுமா?"

நான் சுவரைப் பார்த்தேன். வேறு மையில் அதே வரி, எதிரே அந்தப் புதன்கிழமை அங்கே மாட்டிய என் லேப்டாப்பின் எண். தாளில் எழுதியது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"வெட்டாதம்மா. அது நாந்தான்" என்றேன்.

மறுமுனையில் இரண்டு விநாடி பதில் இல்லை. பிறகு அவள், "சரி மேடம், லீவுன்னே இருக்கட்டும்" என்றாள்.