படத்தில் இருப்பவரிடம்தான் கேட்டேன்

எனக்குப் பேச்சென்றால் பைத்தியம். பஸ்ஸில் யாராவது ஒரு வரியை நறுக்கென்று சொல்லிவிட்டால், இறங்க வேண்டிய இடம் தாண்டினாலும் கேட்டு முடித்துவிட்டுத்தான் இறங்குவேன். அப்படிக் கேட்டதையெல்லாம் ஏழு வருடமாக இணையத்தில் ஒரு பக்கம் வைத்துப் போட்டு வந்தேன். தனியாக நோட்டில் எழுதியதில்லை. கேட்ட இடத்திலேயே போனில் தட்டி அங்கே ஏற்றிவிடுவேன். வேறெங்கும் பிரதி கிடையாது.

சொன்னவரின் படத்தையும் சேர்த்துப் போடுவேன். அதற்கு முன் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டுவிடுவேன். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. கல்யாணப் படம் வேண்டுமென்றால் பெண் வீட்டாரிடம்தான் கேட்போம். எடுத்த ஸ்டுடியோக்காரரிடம் யார் கேட்கிறார்கள்?

கடமலைக்குண்டில் தக்காளிக் கூடை தூக்கும் ஓர் அக்கா. வேலையோடு வேலையாக அவர் சொன்ன ஒரு வரியை ஏற்றி வைத்திருந்தேன். படம் இல்லை. தேடியபோது, வெளியூர் புகைப்படக்காரர் ஒருவர் தன் தளத்தில் அந்த அக்கா சிரிப்பதைப் போட்டிருந்தார். கீழே பொடி எழுத்தில்: 'தனிப்பட்ட முறையில் பகிரலாம். மாற்றம் கூடாது. பிற பயன்பாட்டுக்கு அனுமதி தேவை.'

தேனி அல்லிநகரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் நண்பனிடம் காட்டினேன்.

"பகிரலாம்னு மொத வரியே சொல்லுது மாப்ளே. அதுக்கு மேல எதுக்கு வாசிக்கிற?"

"மூணாவது வரி இடிக்குதே. எம்பக்கம் தனிப்பட்டதா, பிறவா?"

"நீ என்ன சினிமா கம்பெனியா? தனி ஆளு. போடு."

புகைப்படக்காரரின் மின்னஞ்சல் அங்கேயே இருந்தது. எழுதத் தோன்றவில்லை. பஸ் ஏறி அக்காவிடம் போனேன்.

"எம்மூஞ்சியப் போட எங்கிட்டக் கேக்க வந்தீகளா? படம் எடுத்தாகளே, அவுக கூடக் கேக்கல," என்று சிரித்தார். "நல்லாப் பெருசாப் போடுங்க தம்பி. எம்மருமக பாக்கணும்."

என் இணையப் பக்கத்திலேயே படத்தின் மேல் எழுதும் வசதி இருந்தது. அவர் சொன்ன வரியை அதில் எழுதிப் போட்டேன். அதுவும் 'மாற்றம்' என்பது புகைப்படக்காரரின் புகார் வந்த பிறகுதான் தெரிந்தது. வேறு படங்களுக்காக முன்பே இரண்டு எச்சரிக்கைகள் வந்திருந்தன. அவற்றையும் நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இந்த மூன்றாவதில், பக்கத்துக்கு இடம் தந்திருந்த நிறுவனத்தார் பக்கம் முழுவதையும் நீக்கிவிட்டார்கள்.

புகைப்படக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். 'நிபந்தனைகள் தெளிவாகவே உள்ளன' என்று ஒரு வரி வந்தது. திரும்ப வாசித்தேன். எனக்கு இன்னும் தெளியவில்லை.

மேல்முறையீடு செய்ய நண்பன் கடையில் உட்கார்ந்த அன்று, தேனிக்கு வந்திருந்த அக்காவும் விஷயம் கேள்விப்பட்டுக் கடைக்கே வந்துவிட்டார். படிவத்தில் ஒரே கேள்வி: உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்தாரா? ஆம், இல்லை.

"நான் சரின்னேன்னு எழுதுங்க தம்பி."

"அதுக்கு இதுல எடமில்லக்கா."

"எம்மூஞ்சிக்கு நான் ஆரு அப்ப?"

நண்பன் மவுஸை என் பக்கம் தள்ளினான். 'இல்லை'யை அழுத்தினேன். நிராகரிப்பு உடனே வந்தது. இனி முறையிட வழியில்லை என்றும் இருந்தது.

"அன்னிக்குச் சொன்னத இன்னொருக்காச் சொல்லுங்கக்கா, அதையாவது எழுதிக்கிறேன்," என்றேன். நண்பன் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துத் தந்தான்.

அக்கா நெற்றியைத் தேய்த்தார். "மழையப் பத்தி என்னமோ சொன்னேன்ல?"

மழை இல்லை, வெயில் என்று எனக்கு ஞாபகம். அதிலும் உறுதியில்லை.

"கூடை தூக்கைல வாயில வர்றது. இங்கன உக்காந்து கேட்டா எங்கிட்டு வரும்?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனார். தாளில் 'வெயில்' என்று மட்டும் எழுதியிருந்தேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.