மெத்தைக் கடையில் பிறந்த பங்க் பாட்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் திருச்சியில் நடந்தது இது. எனக்கு வீடு திருவானைக்காவலில். வார நாட்களில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை, வார இறுதியில் பாட்காஸ்ட். வீட்டிலேயே மைக் வைத்துப் பேசி, பதிவு செய்து இணையத்தில் போடுவேன். வேண்டியவர்கள் போனில் கேட்டுக்கொள்வார்கள்.

நான் பேசுவது பங்க் ராக் பாட்டுகளையும் அவற்றைப் பாடியவர்களையும் பற்றி. கிடாரை அடி அடியென்று அடித்து, மூச்சு முட்டக் கத்தி, சட்டென்று முடிந்துவிடுகிற பாட்டு அது. சங்கீதம் கற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் கிடையாது. சொல்லியே தீர வேண்டிய கோபம் ஒன்று இருந்தால் போதும். ஹாஸ்டலில் என் அறைத்தோழி ஒருநாள் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். அன்று பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு தமிழில் இதைப் பேசினால் யார் கேட்பார்கள் என்று என் கணவர் கிண்டல் செய்வார். கைலாசபுரத்தில் ஒருவர், கனடாவில் ஒருவர் என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்வேன். உண்மையும் ஏறக்குறைய அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் பாட்காஸ்டுக்கு ஒரு பெரிய விருந்தாளி வந்திருந்தார். ஒரு காலத்தில் பெங்களூரில் பங்க் குழு ஒன்றில் பாடிக்கொண்டிருந்த பெண். பிறந்தது திருச்சி பாலக்கரையில். பல வருடங்களுக்கு முன்பு திடீரென்று பாடுவதை நிறுத்திவிட்டு, பெங்களூரிலேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் ஆகிவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று யாருக்கும் சொன்னதில்லை. பேட்டி என்றாலே தட்டிக்கழித்துவிடுவார். நானும் மாதக்கணக்கில் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். அக்கா பேத்தியின் ஞானஸ்நானத்துக்குத் திருச்சி வருவதாகவும், ஊர் திரும்பும் நாளன்று மத்தியானம் கொஞ்ச நேரம் தருவதாகவும் கடைசியில் ஒப்புக்கொண்டார். சாயங்காலம் அவருக்கு ரயில்.

அவர் வந்து என் வீட்டில் உட்கார்ந்தார். நான் மைக்கை எடுத்து வைத்தேன். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற ஆரம்பித்தார்கள். எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்த ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு ஆரம்பித்தது பாருங்கள், மேஜை மேலிருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியது. ஆடி ஞாயிற்றுக்கிழமை என்பதை எப்படி மறந்தேனோ!

"எங்க பேண்ட் கூட இவ்ளோ சத்தமா வாசிச்சதில்லைங்க" என்று அவர் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அமைதியான இடம் தேடிக் கிளம்பினேன். கொள்ளிடக் கரையில் ஆள் இல்லை, ஆனால் காற்று. மைக்கில் காற்றைத் தவிர வேறெதுவும் பதிவாகவில்லை. எங்கள் கல்லூரிக்குப் போன் செய்தால் வாட்ச்மேன் எடுக்கவில்லை. காவிரிப் பாலம் தாண்டி டவுனுக்குள் நுழைந்தபோது மழை வேறு பிடித்துக்கொண்டது. மைக் பையை மார்போடு அணைத்தபடி அவர் இறங்க, எதிரே இருந்த கடைக்குள் இரண்டு பேரும் ஓடினோம். மெத்தைக் கடை. ஆடித் தள்ளுபடி போர்டு தொங்கியது, ஆனால் மழையால் ஒரு ஆள்கூட இல்லை. கல்லாவில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கடை அவருடையது.

உள்ளே போனதும் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. வெளியே பஸ், ஹாரன், மழை எல்லாம் இருந்தும், காதில் பஞ்சு வைத்த மாதிரி சத்தம் அடங்கிவிட்டது. சுற்றிலும் அடுக்கி வைத்த மெத்தைகள். நான் கையைத் தட்டிப் பார்த்தேன். எதிரொலியே இல்லை. இன்னொரு மூலைக்குப் போய் மறுபடி தட்டினேன்.

"என்னம்மா, கொசுவா அடிக்கிறீங்க? நம்ம கடையில கொசு கிடையாதே" என்றார் அந்த அம்மா.

விஷயத்தைச் சொன்னேன். ஸ்டாக் ரூமில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச இடம் தருவாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. கதவைத் திறந்து, பாலிதீன் உறை போட்ட மெத்தைகளை நகர்த்தி எங்களுக்கு இடம் செய்து கொடுத்தார். பிறகு தானும் ஒரு தலையணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நானும் கேக்குறேனே. மழை விட்டாத்தான் யாவாரம்."

பேட்டி சரியாகப் போகவில்லை. குழு எப்போது ஆரம்பித்தது, யார் கிடார், எங்கே வாசித்தீர்கள் என்று நான் கேட்க, அவர் ஒற்றை வரியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது போல இருந்தது. இவ்வளவு பாடுபட்டு இதற்குத்தானா என்று எனக்கு உள்ளுக்குள் கவலை.

அப்போது கடைக்கார அம்மா கேட்டார். "அந்தப் பாட்டை ஒண்ணு போடுங்களேன். என்ன பாட்டுன்னே தெரியாம என்னத்தைக் கேக்குறது?"

பாடகியின் பழைய பாட்டு ஒன்றைப் போனில் போட்டேன். அந்த அம்மா தலையைச் சாய்த்து, முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் பாடகியைப் பார்த்தார்.

"யாரு மேலம்மா இவ்ளோ கோவம்?"

பாடகி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நாங்கள் சந்தித்ததிலிருந்து அப்படி அவர் சிரித்துப் பார்க்கவில்லை. குழுவில் எல்லோரும் சேர்ந்து குடியிருந்த வீட்டின் உரிமையாளர், கோடையில் குழாயை மூடிவிட்டாராம். அவரைத் திட்டி எழுதிய பாட்டாம் அது.

"தண்ணிய நிறுத்துனா பின்ன கத்தாம? நல்லா செஞ்சீங்க" என்று தீர்ப்புச் சொன்னார் அந்த அம்மா.

அதற்கப்புறம் பாடகி அந்த அம்மாவிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை. வேனில் தூங்கியது, மேடையில் மைக் ஸ்டாண்ட் உடைந்தது, வீட்டில் அப்பாவுக்குத் தெரியாமல் பாடியது என்று கொட்டித் தீர்த்தார். நான் ரெக்கார்டரை மட்டும் பார்த்துக்கொண்டேன். நிறுத்திய கதையும் அப்படியே வந்தது. தொண்டையில் ஒரு கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்களாம். சில மாதங்களிலேயே குணமாகிவிட்டது, தாராளமாகப் பாடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் வாயைத் திறந்து கத்தினால் குரலே போய்விடுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

"கிளாஸ்ல பிள்ளைங்கள அதட்டக்கூட மாட்டேன்க்கா. அவ்ளோ பயம்."

அந்த அம்மா சுற்றியிருந்த மெத்தைகளைத் தட்டிக் காட்டினார். பிறகு, "இந்த ரூம்ல கத்துனா கடைக்குக்கூட கேக்காது. நான் கத்தியிருக்கேன்" என்றார்.

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். கல்யாண சீசனில், கூட்டம் போனபிறகு, இந்த அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கத்துவாராம். எப்படி என்று கேட்டதுதான் தாமதம், எழுந்து நின்று, முந்தானையைச் செருகிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"குடும்பத்தோட வந்து, எல்லா மெத்தையிலயும் உருண்டு பொரண்டுட்டு, யோசிச்சு சொல்றோம்னு போறீங்களே! என்னத்தைய்யா யோசிக்கிறீங்க!"

எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாடகி சிரிக்கவில்லை. அவர் கண்கள் விரிந்திருந்தன. "அக்கா, இதுதான் பங்க்" என்றார். பக்கத்து மெத்தையில் இரண்டு கையாலும் தாளம் போட ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, "யோசிச்சு சொல்றோம், யோசிச்சு சொல்றோம்" என்று முணுமுணுத்தார். அந்த அம்மா, "சத்தமா!" என்றார். அடுத்த முறை குரல் நடுவில் உடைந்தது. அவர் கை தானாகத் தொண்டைக்குப் போனது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவரை இதில் இழுத்துவிட்டோமே, ஏதாவது ஆகிவிட்டால்?

அவர் கையை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். போனில் கேட்டோமே, அதே குரல். கொஞ்சம் கரகரப்பு கூடியிருந்தது, அவ்வளவுதான். கடைக்கார அம்மா பல்லவிக்குச் சேர்ந்துகொண்டார். நான் மெத்தையை மொத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் எப்போது முடித்தார்கள் என்று தெரியாது. கடைசியில் மூன்று பேரும் பாலிதீன் உறைகளின் மேல் மல்லாந்து கிடந்தோம். "பேசுறேன் பாருங்க, குரல் இருக்கு, இருக்கு" என்று பாடகி திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அம்மா ஓடிப்போய் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.

மழை விட்டிருந்தது. கடையில் ஒரு தம்பதி நின்றிருந்தார்கள். உள்ளே அவ்வளவு அமளி நடந்தும் அவர்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க, வாங்க, படுத்துப் பாருங்க" என்று ஒன்றுமே நடக்காதது போல வரவேற்றாரே, அந்த நடிப்பை மட்டும் மறக்கவே முடியாது. ஜங்ஷனுக்கு விரட்டிக்கொண்டு போய்ப் பாடகியை ரயில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையாட்டியதோடு நிற்காமல், பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி என் பெயரைக் கத்திக் கூப்பிட்டார்.

அந்தப் பதிவில் நான் ஒரு வெட்டுக்கூடப் போடவில்லை. என் பாட்காஸ்டிலேயே அதிகம் பேர் கேட்டது அதுதான். பாடகி இப்போது பெங்களூரில் நண்பர்களோடு சேர்ந்து மறுபடியும் பாடுகிறார். கடைக்கார அம்மா எப்போதாவது போன் செய்து, அடுத்து யாரைக் கூட்டி வருகிறாய் என்று உரிமையோடு கேட்கிறார். நானும் கூட்டிப்போகிறேன்.

இந்தப் பாட்டைப் புரியவைப்பது என் வேலை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து "யாரு மேல இவ்ளோ கோவம்?" என்று அக்கறையாகக் கேட்க ஒருவர் இருந்துவிட்டால் போதும், மனிதர்கள் தாங்களாகவே பாட ஆரம்பித்துவிடுவார்கள் என்பதை இன்றும் ஒவ்வொரு முறை மைக்கைத் திறக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.