மாவட்டம் தாண்ட அனுமதி

டெக்சாஸில் கவுண்டியின் பெயர் எழுதிய பலகையைக் கண்டால் என் வலதுகால் தானாகவே பிரேக்கைத் தேடும். கவுண்டி என்றால் நம் மாவட்டம்தான். எல்லையில் காவலும் இல்லை, கயிறும் இல்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போவார்கள்.

இந்த வியாதி ஜெர்மனியில் பிடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிப்போய் எண்பத்தைந்தில் அகதியாகப் பதிந்தபோது, பன்றியும் உருளைக்கிழங்கும் மலிந்த ஒரு கிராமப்புற மாவட்டத்தில் கொண்டுபோய் விட்டார்கள். லான்ட்கிரைஸ் என்பார்கள். அனுமதிக் கடிதம் இல்லாமல் அதைத் தாண்டிப் பிடிபட்டால் அபராதம். அகதி வழக்கும் கெட்டுவிடுமோ என்று பயம். ஆகவே அதன் பூகோளம் எனக்கு அத்துப்படி. வடக்கே சதுப்புநிலம், கிழக்கே பைன் காடு, தெற்கே இடுப்பளவு ஆறு. அரிசிக்கடை ஆற்றுக்கு அக்கரையில், கூப்பிடு தூரத்தில். அக்கரை வேறு மாவட்டம்.

அந்தக் கடிதம் தரும் அலுவலகத்து அம்மாளிடம், “எல்லை ஏன் அங்கே?” என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் புலம்பினேன். சரித்திர ஆர்வம் என்று நினைத்து அவர் பூரித்துப்போனார். இக்கரை கோமகனுக்கும் அக்கரை ஆயருக்கும் சொந்தமாம். மீன்பிடி உரிமைக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டையாம். வரைபடம் ஒன்றைப் பரிசாகத் தந்தார். அனுமதி தரவில்லை. எப்போதோ செத்துப்போன ஆயரால் இரண்டு வருடம் உருளைக்கிழங்கு தின்றேன். இன்றும் அவர்மேல் எனக்குக் கோபம்தான்.

பிறகு சாந்தியை மணந்து டெக்சாஸில் இர்விங் நகருக்கு வந்து சேர்ந்தேன். எண்பத்தொன்பது ஆகஸ்டில், பட்டப்பகலில், அவளுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி பக்கத்துக் கவுண்டியில். ஃப்ரீவேயில் பறந்தவன், பலகையைக் கண்டதும் ஓரங்கட்டி நிறுத்தி டாஷ்போர்டைக் குடைந்தேன்.

“என்னப்பா தேடுறியள்?”

“கடிதம்...”

“பிள்ளை வருதெண்டுறன், கடிதம் தேடுறியளோ! எடுங்கோ காரை!”

அதற்குள் போலீஸ்காரர் ஒருவர் வந்து குனிந்தார். “பக்கத்துக் கவுண்டிக்குப் போகலாமா, சார்?” என்று கேட்டேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாந்தியின் வயிற்றைப் பார்த்தார். “வொய் நாட்?” என்றவர், சைரன் ஊதிக்கொண்டு முன்னால் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மகள் பிறந்தாள். பிறப்புப் பதிவுத் தாளில் ‘பிறந்த கவுண்டி’ என்று ஒரு கட்டம். நர்ஸ் அதை நிரப்பியபோது மனசு கேட்கவில்லை. “இவள் இந்தக் கவுண்டியைவிட்டு வெளியே போகலாமா?” என்றேன்.

“ஷுவர். நாளைக்கு டாக்டர் சைன் பண்ணினதும்” என்றாள்.

மறுநாள் டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். முறையான கையெழுத்தோடு நான் தாண்டிய முதல் மாவட்ட எல்லை அதுதான். தாளில் மகளின் பெயர் மட்டுமே இருந்தது. அவள் தூங்கிக்கொண்டே போனாள். அவளைக் கொண்டுபோகிறவனாக நானும் கூடப் போனேன்.