முழுப்பெயர் எழுதுக

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுதவேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் வருவாய்த் துறையில் குறிப்பு எழுதியவனுக்குக் கட்டுரை வராது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா வத்திராயிருப்பில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு அவரை நிறுத்தி, என்னைப் படிக்க வைத்தார்கள். இராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அத்தான் சங்கரலிங்கம் நூல் மில்லில் வேலை பார்த்தார். அக்கா பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றினார். ஒரே மகன் முருகேசன் அதே கம்பெனியின் விற்பனையாளனாக வடக்கே மருந்துக் கடைகளைச் சுற்றிவந்தான். அவனுக்கும் செல்விக்கும் திருமணமாகி எட்டு மாதத்தில் லாத்தூர்ப் பக்கம் பூகம்பம் வந்தது.

நாடே திரண்டு உதவுகிறது என்று வானொலி சொன்னது. பொய்யில்லை. நான் பணியாற்றிய ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அலுவலகத்தில் வராந்தா நிறையத் துணிகள் குவிந்தன. ஜன்னலைத் திறக்க முடியவில்லை. ஒற்றைச் செருப்பைக் கொடுத்துவிட்டுப் போன புண்ணியவானும் உண்டு. இராஜபாளையத்திலிருந்து பேண்டேஜ் லாரிகள் கிளம்பின. அக்கா மூன்று நாள் இடுப்பு நிமிராமல் சுற்றினார். நான்காம் நாள் கம்பெனிக்குச் செய்தி வந்தது. மருந்துக் கடைக்காரர் ஒருவரின் இடிந்துபோன வீட்டில் தமிழ்நாட்டு விற்பனையாளர் ஒருவர் தங்கியிருந்தாராம்.

அத்தானும் நானும் போனோம். அதற்குள் எல்லோரையும் ஒன்றாக எரித்திருந்தார்கள். அடையாளம் காட்ட எதுவும் இல்லை. பெயர் விவரம் எழுதித் தரச் சொன்னார்கள், கொடுத்தோம். நாடு அழுதது, அழுது முடித்ததும் மூன்று நகல் கேட்டது.

ஆறு மாதம் கழித்து இறப்புச் சான்று பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அத்தான். இறந்தவர் பெயர் சங்கரலிங்கம் என்றும், தந்தை பெயர் முருகேசன் என்றும் இருந்தது.

"மாப்ளே, சர்க்காரு எனக்குக் காரியத்த முடிச்சிட்டான். இன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறா, பிண்டமா?" என்றார் அத்தான். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அக்கா மட்டும் அந்தத் தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் பார்த்தார். "அப்ப செத்தவன் பேரு எம் மவன் பேரு இல்லைல்ல?"

"அவன் பேருதான்க்கா. மாத்தி எழுதிட்டானுக."

"இம்புட்டுப் பெரிய சர்க்காரு தப்பா எழுதுமாலே? செத்தவன் வேற எவனோ. இவன் எங்கயாச்சும் அடிபட்டு, ஊர் தெரியாம கெடப்பான்."

திருத்தத்துக்குப் பெற்றோர் இருவரும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். அத்தான் போட்டார். அக்கா மறுத்தார். காரியம் செய்ய விடவில்லை. ரேஷன் கார்டில் பெயரை நீக்க விடவில்லை. நான் போகும்போதெல்லாம் பத்திரத்தை எடுத்துப் போவேன். "காப்பி குடிக்க வந்தியா, கையெழுத்து வாங்க வந்தியா?" என்று கேட்பார். காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்புவேன்.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. செல்விக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தளவாய்புரத்தில் ஒருவர் அவளை மணக்க முன்வந்தார். முதல் கணவன் இறந்ததற்குத் தாள் வேண்டும் என்று அவர் வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சான்று இல்லாவிட்டால் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று சட்டத்தை ஒப்பித்தேன்.

செல்வி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "அத்தே, நீங்க அவிய வருவாகன்னு சொன்னா நான் இருக்கேன். எத்தன வருசமானாலும் இருக்கேன்."

அக்கா என்னிடம் கையை நீட்டினார். "கொண்டாலே அந்தப் பேப்பர. பேனா வச்சிருக்கியா, அதையும் நாந்தான் தேடணுமா?"

திருத்திய சான்று வந்தது. செல்வியின் திருமணத்தில் அக்காதான் தாய் இடத்தில் நின்றார். அதன்பின் மூன்று ஆண்டுகள் இருந்தார். பேண்டேஜ் சுற்ற மட்டும் போகவில்லை.

கடைசி நாட்களில் அக்காவைக் கவனித்த மருத்துவமனைச் செவிலியர், தளவாய்புரத்திலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த செல்வி, அவள் கணவர், இறுதிக் காரியத்தில் தோள்கொடுத்த தெருவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி.

ஒன்று பாக்கி இருக்கிறது. நம் உறவினர் பலர் அந்த வடநாட்டு எழுத்தரை இன்றும் ஏசுகிறார்கள். அவர்மேல் குற்றமில்லை. திருத்திய சான்றோடு நாங்கள் அன்று கொடுத்த தாளின் நகல் ஒன்றும் வந்தது. பெயர் விவரம் எழுதிக் கொடுத்தது நான். எஸ். முருகேசன் என்று எழுதினால் போதாது, முழுப்பெயர் எழுதுக என்பது விதி. ஆகவே இனிஷியலை இருந்த இடத்திலேயே விரித்து, சங்கரலிங்கம் முருகேசன் என்று எழுதினேன். அங்கே தன் பெயர் முதலில் வரும், தகப்பன் பெயர் பின்னால் வரும். அவர் படித்தபடியே பதிந்தார். விதிகளெல்லாம் தெரிந்தவன் என்று பெயரெடுத்த நான் இதை மூன்று ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவிடம் ஆஸ்பத்திரியில்தான் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"நல்லவேள தம்பி," என்றார். "நீ சரியா எழுதியிருந்தா எம்புள்ள அப்பவே செத்துருப்பான்."