அரிசிமாவுக்கும் பிடிபடாத பெயர்

எங்கள் குடும்பத்தில் பெண்கள் சவக்காலைப் பக்கம், செத்தவர்களைப் புதைக்கும் இடத்துப் பக்கம், போவதில்லை. ஆண்கள் போவார்கள், ஆனால் வந்து தலைமுழுகாமல் வீட்டுப்படி ஏறமாட்டார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த என் சின்னம்மா, ஒக்லாந்துக்கு வந்த எட்டாம் மாதத்திலிருந்து, சனிக்கிழமை தவறாமல் ஒரு பேணி அரிசிமாவும் எழுதுகிற கொப்பி ஒன்றும் எடுத்துக்கொண்டு சவக்காலைக்குப் புறப்பட்டுப் போனார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது.

சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்தில் கச்சேரியில் வேலை பார்த்தவர். பாட்டுக்கச்சேரி அல்ல, அரசாங்க அலுவலகம். அங்கே பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் பத்து வருடம் ஏடு எழுதியவர். ஒக்லாந்தின் மனுரேவாவில் எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கிக்கொண்டு, ஈஸ்ட் டாமாக்கியில் போத்தல் மூடிகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலைக்குப் போய்வந்தார். சித்தப்பா பிறகு வருவார் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒரு காலை சைக்கிளில் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை என்பதைப் பெரியவர்கள் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார்கள். கதவு மெல்லியது, எனக்கும் கேட்டது. கேட்டதே தவிர, அதில் என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

மூடிப் பெட்டிகளின் மேல் ஒட்டும் துண்டுச் சீட்டைக்கூடச் சின்னம்மா கச்சேரி எழுத்தில்தான் எழுதினார். அந்தக் கையெழுத்தைத் தொழிற்சாலையின் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். அவர் மனுரேவாவுக்குத் தெற்கே, ரயில் முடிகிற இடத்தையும் தாண்டி அரை மணி நேரம் காரில் போக வேண்டிய ஒரு சின்ன ஊர்க்காரி. ஒரு பெரிய தெரு, ஒரு மூடிக் கிடந்த வெண்ணெய்த் தொழிற்சாலை, ஒரு செங்கல் சூளையின் புகைபோக்கி, அவ்வளவுதான் ஊர். அந்த ஊருக்கு நூறு வயது ஆகப்போகிறதாம். ஊர்க்காரர் நாலைந்து பேர் சேர்ந்து ஊரின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். எல்லாம் கிடைத்துவிட்டது, செத்தவர்களின் கணக்குத்தான் இடிக்கிறதாம். தேவாலயம் ஒருகாலத்தில் தீப்பிடித்து ஏடெல்லாம் எரிந்துபோனதால், ஆரம்பத்தில் அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்கள் சவக்காலைக் கற்களில் மட்டும்தான் மிச்சம். கற்களோ மழையில் கரைந்து மொட்டையாகிக் கொண்டிருந்தன.

அவற்றைப் படித்து எழுதித் தரமுடியுமா என்று சூப்பர்வைசர் கேட்க, சின்னம்மா போய்ப் பார்த்தார். மறு கிழமை, அடுத்த சனிக்கிழமை, அரிசிமாவோடு போனார். கச்சேரியில் இருந்தபோது, கோயில் கல்வெட்டுப் படிக்க வந்த ஒரு அதிகாரி கல்லில் மாவைத் தடவிப் படித்ததை அவர் பார்த்திருக்கிறார். மாவை மெல்லத் தூவி உள்ளங்கையால் ஒருதரம் வழித்துவிட்டால், மேலே இருப்பது போய்விடும், பள்ளத்தில் இருப்பது நிற்கும். வெறுங்கல்லாய் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை எழுத்து எழும்பும், பிறகு இன்னொன்று. முதல் பெயர் எழும்பியபோது சூப்பர்வைசர் வாயைப் பொத்திக்கொண்டார். அது அவருடைய சொந்தப் பூட்டியின் பெயராம்.

நான் ஏன் அங்கே இருந்தேன் என்றால், அம்மா வெள்ளிக்கிழமை இரவு வேலை முடித்துச் சனிக்கிழமை காலையில் நித்திரை கொள்வார். வீட்டில் என்னைப்போன்ற ஒரு ஆள் இருந்தால் யாரும் நித்திரை கொள்ள ஏலாது. அதனால் சூப்பர்வைசரின் காரில் என்னையும் ஏற்றிவிடுவார்கள். எனக்குக் குருவிகளைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. சின்னம்மா ஒரு கல்லைப் படித்துவிட்டு அடுத்த கல்லுக்கு நகர்ந்ததும், சிட்டுக்குருவிகள் வந்து முந்தின கல்லில் இருந்த பெயரைக் கொத்தித் தின்றுவிடும்.

வீட்டில் பெரிய வழக்கு நடந்தது. "அரிசிமா இடியப்பத்துக்கு வாங்கினது, செத்த வெள்ளைக்காரருக்குப் பூச இல்லை" என்றார் அம்மா. அதைவிட, சவக்காலைக்குப் போய்வந்த தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு, அதுதான் பெரிய பிரச்சினை. கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. நாங்கள் இருவரும் பின்பக்கம் உடுப்புத் துவைக்கிற லோண்டரி வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். அங்கேயே இரண்டு வாளி சுடுதண்ணீரில் தலைமுழுக வேண்டும். குளிரில் பல் கிடுகிடுக்க நான் துவாய்க்குள் நிற்பேன். சின்னம்மாவோ உடுப்பு மாற்றி, சுவரில் இருந்த கைக்கண்ணாடித் துண்டைப் பார்த்து, ஆற அமர நெற்றியில் குங்குமம் வைப்பார். பொட்டு நடுவில் இல்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி வைப்பார். அவ்வளவு நேரமும் நான் நடுங்கிக்கொண்டு நிற்பேன்.

அவருடைய வேலையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. அந்தக் கொப்பியை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வரி. பிழை வந்தால் அழிக்கமாட்டார். அடியில் இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைப்பார். தெளிவாகத் தெரிந்த எழுத்தை மட்டும் எழுதுவார், தெரியாத இடத்தில் கோடு போடுவார். ஊர்க்காரர்கள், இது அந்தக் குடும்பத்துக் கல்தான், இன்ன பெயராகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்வார்கள். சின்னம்மா சிரித்துக்கொண்டே கோட்டைப் போடுவார். மூன்று மாதத்தில், தொழிற்சாலைத் தேநீர் வேளையில் அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் பாட்டன் பூட்டன்மாரைப் பற்றிச் சின்னம்மாவிடம் வந்து கேட்கும் நிலை வந்துவிட்டது. ஊர் அவர்களுடையது, விபரம் எங்கள் சின்னம்மாவிடம்.

அவருக்கும் ஒரு தேவை இருந்தது. விசா முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போடுவதற்கு, இவர் நம்பிக்கையானவர், ஊருக்குப் பயன்படுகிறவர் என்று ஒரு கடிதம் தருவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். புத்தகம் முடிந்ததும் கடிதம். அப்பா அந்தக் கடிதத்தைப் பற்றி நாளுக்கு இரண்டு தரம் கேட்பார்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. கடைசி வரிசை, கடைசிக் கல். வேலி மரத்தடியில் முழங்கால் உயரத்தில் ஒரு கட்டைக் கல். அன்று பகல் இரண்டு மணிக்கு என் வகுப்புத் தோழி எலனின் பிறந்தநாள். ரோலர் ஸ்கேட்டிங், அதன்பிறகு கேக். ஒரு மணிக்கு வீட்டில் நின்றால்தான் தலைமுழுகி, சட்டை மாற்றிப் போகமுடியும். சின்னம்மாவோ அந்தக் கல்லோடு ஒன்றரை மணி நேரமாய் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஏழு வயது என்பது தெரிந்தது. பெயரின் முதலெழுத்து மட்டும் ஆங்கில 'ஈ' என்று தெரிந்தது. மற்றது ஒன்றும் எழும்பவில்லை. மூன்றாம் தரமும் மாவைத் தூவினார்.

நான் குந்தியிருந்து கல்லை உற்றுப் பார்த்தேன். அதாவது, உற்றுப் பார்ப்பதுபோல இருந்தேன். பிறகு, எனக்குத் தெரிகிறது என்றேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். எலன்.

சின்னம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வடிவாப் பார்த்தனியோ?"

"யெஸ், சின்னம்மா."

"சத்தியமாத் தெரியுதோ?"

தெரிகிறது என்று தலையாட்டினேன். உன்னுடைய கண் இளங்கண், என் கண்ணைவிடக் கூர்மை என்று சொல்லிவிட்டு அவர் எழுதினார். நான் ஒன்றேகாலுக்கு வீட்டில் நின்றேன். கேக் இளஞ்சிவப்பு. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஒரு கிழமைக்குள் அந்தக் கல்லுக்கு ஒரு குடும்பம் கிடைத்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை, அச்சுக்குப் போகுமுன் பட்டியலை வாசித்துப் பார்க்க ஊர் மண்டபத்தில் கூடியிருந்தார்கள். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தன் பாட்டி சின்ன வயதில் ஒரு தங்கையைப் பறிகொடுத்தவராம். சாகும்வரை அந்தத் தங்கையைப் பற்றிச் சொல்லி அழுவாராம். பெயர்தான் இவருக்கு மறந்துபோயிருந்ததாம். எலன் என்று காதில் விழுந்த உடனே ஞாபகம் வந்துவிட்டதாம். ஓமோம், எலன்தான், வேறென்ன பெயர் என்றார். எங்கள் எல்லோரையும் சவக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போய், கல்லைத் தடவி விக்கி விக்கி அழுதார். பெயர் பொறித்துப் புதுக்கல் வைக்கப்போவதாகச் சொன்னார். சின்னம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. எனக்குத் தந்த ஸ்கோன் ரொட்டியை நான் குருவிகளுக்குப் பிய்த்துப் போட்டேன்.

அன்று லோண்டரியில் சின்னம்மா என் தலையில் முதல் வாளியை ஊற்றும்போது சொல்லிவிட்டேன். எழுத்து எதுவும் தெரியவில்லை, பார்ட்டிக்குப் போக வேண்டியிருந்தது என்று அழுதழுது ஆங்கிலத்தில் சொன்னேன். வாளி பாதியில் நின்றது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சின்னம்மா மிச்சத் தண்ணீரையும் ஊற்றி, துவாயால் சுற்றி, போய் உடுப்பு மாற்று என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்குப் பொட்டு வைக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் பார்க்கவில்லை.

குசினியில் வழக்கு மறுபடி தொடங்கியது. இந்தமுறை கதவைச் சாத்தவில்லை.

"கடிதம் கைக்கு வரட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லலாம்" என்றார் அப்பா.

அம்மா என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தங்கையிடம் சொன்னார், "பேரில்லாமல் கிடந்த பிள்ளைக்கு ஒரு பேர் கிடைச்சிருக்கு. அந்தக் கிழவனும் சந்தோசமாயிருக்குது. புண்ணியம்தானே, விடன்."

"அந்தப் பிள்ளைக்குப் பேர் இருக்குதக்கா. எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா முணுமுணுத்துக்கொண்டே காரை எடுத்தார். என்னையும் ஏற்றினார்கள். சூப்பர்வைசரின் வீட்டு மேசையில் சின்னம்மா கொப்பியை விரித்து, எலன் என்ற பெயரின் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, பிழை என்னுடையது, நான் கண்ணால் காணாததை எழுதிவிட்டேன் என்று தன் கச்சேரி ஆங்கிலத்தில் சொன்னார். என் பெயர் வரவேயில்லை. என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்று நினைத்து உருகிப்போனேன். அவர் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாத உண்மை என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் எடுத்தது.

சூப்பர்வைசருக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கங்கள் எல்லாம் தட்டச்சு செய்தாயிற்று, திங்கள் காலை அச்சுக்கு, இந்த ஒரு பெயரால் யாருக்கு என்ன கெட்டுப்போகும் என்று கேட்டார். சின்னம்மா கொப்பியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். சூப்பர்வைசர் எழும்பி, தட்டச்சு இயந்திரத்தின் உறையைக் கழற்றினார். கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, சின்னம்மாவும் கேட்கவில்லை. அப்பா மட்டும் காருக்குள் பெருமூச்சு விட்டார்.

கிழவரின் வீட்டுக்குச் சின்னம்மா தனியாக நடந்தே போனார். நான் கார்க் கண்ணாடியால் பார்த்தேன். வாசல் படலையடியில் இருவரும் நின்றார்கள். கிழவர் ஏதோ கேட்டார், சின்னம்மா தலையை ஆட்டினார். கிழவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன கேட்டார் என்று அம்மா பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது. அப்படியென்றால் அந்தப் பிள்ளை எங்கள் பிள்ளை இல்லையா என்று கேட்டிருக்கிறார். இருக்கலாம், ஆனால் எழுத முடியாது என்று சின்னம்மா சொல்லியிருக்கிறார்.

நூறாண்டு விழாவில் புத்தகத்தை எல்லோருக்கும் கொடுத்தார்கள். மெல்லிய பச்சை அட்டை. கடைசிப் பக்கத்துக் கடைசி வரியில் 'ஈ' என்ற எழுத்து, அதன் பக்கத்தில் ஒரு நீளக் கோடு, வயது ஏழு. விழா முடிந்து கார் சவக்காலையைத் தாண்டியபோது, வேலி மரத்தடியில் அந்தக் கிழவர் நின்றார். கல்லின் மேல் ஒரு கைப்பிடி கமேலியாப் பூ இருந்தது.

கடிதம் அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் வந்தது. இவர் தனக்குத் தெரியாததை எழுதமாட்டார் என்று ஒரு வரி அதில் இருந்தது. அப்பா அதை மூன்று தரம் உரத்து வாசித்தார். உடனேயே விண்ணப்பப் படிவத்தை மேசையில் விரித்தார்கள். சின்னம்மா ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தார். கணவரின் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம். இப்போது இருக்கும் இடம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"விதவை எண்டு போடுமன். அலுவல் லேசா முடியும்" என்றார் அப்பா, மெல்லிய குரலில். விதவை என்ற தமிழ்ச் சொல் எனக்கு அப்போது தெரியாது. ஏதோ ஒருவகை விசா என்று நினைத்தேன்.

சின்னம்மா அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். அந்தக் கடைசிக் கல்லுக்குப் போட்ட அதே நீளக் கோடு.

அவர் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டதை நான் அல்லவா கண்டுபிடித்திருந்தேன். "சின்னம்மா, யூ மிஸ்ட் வன்" என்று விரலால் தொட்டுக் காட்டினேன்.

"விடேல்லைப் பிள்ளை. தெரிஞ்சால் எழுதுவன்."

கச்சேரிக்காரருக்குக் கோடு போடுவதில் அப்படி ஒரு ஆசை என்று நினைத்துக்கொண்டு, நான் முன்னறைக்குக் கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டேன்.