பட்டை மணத்த மார்க்ஸ் கார்டு

"புக்க மோந்து பாக்கிற பொண்ணுக்குப் பட்டை வாசனை எங்கக்கா தெரியப்போகுது?" என்று மெஸ்காரர் தண்டபாணி அண்ணன் என் அம்மாவிடம் கேட்டபோது, என் நாக்கில் அந்தப் பட்டைதான் ஊறிக்கொண்டிருந்தது. கடித்த நொடியில் இனிப்பாகத் தொடங்கி, நாக்கின் ஓரங்களில் மெல்லச் சூடேறி, கடைசியில் தொண்டையில் ஒரு சின்னக் காரத்தை விட்டுவிட்டுப் போகும் தடித்த பட்டையின் ருசி, எனக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே தெரியும். ஆனால் அன்று எனக்குப் பதினாறு வயதுகூட ஆகவில்லை. பெங்களூரின் ஓரத்தில், ஹெப்பகோடியில் இருந்த அவருடைய மெஸ்ஸின் பின்வாசலில், அம்மாவின் வயர் கூடைக்குப் பக்கத்தில், மடியில் அறிவியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பதில் சொல்லத் துணிவில்லாமல் பட்டையை மென்று விழுங்கினேன். அம்மா சிரித்துக்கொண்டே, "அதுக்கு எதுக்குண்ணா இதெல்லாம்? அது ஆபீஸ் வேலைக்குப் போற பொண்ணு" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கோலார் தங்கவயலில் பிறந்தவர். அங்கே சுரங்க வேலை கிடைக்காமல் பெங்களூருக்கு வந்து கட்டட வேலையில் சேர்ந்தவர். கையெழுத்துப் போடச் சொன்னால் பெருவிரலை நீட்டுவார். அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. விவேக் நகரில் தகர ஷீட் போட்ட ஒற்றை அறையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம், எங்களோடு நாலாவது ஆளாக மசாலா வாசனையும் இருந்தது. அம்மா பிரியாணி மசாலாவும், கத்திரிக்காய்ச் சாதத்துக்கான வாங்கிபாத் பொடியும் இடித்துக் கொடுப்பாள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் வேலைக்கு வந்து குவிந்த தமிழ்நாட்டுப் பையன்கள் தண்டபாணி அண்ணன் மெஸ்ஸில்தான் சாப்பிட்டார்கள். அவருடைய ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு மசாலா அம்மாவுடையது.

பட்டை என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, காகிதத்தைச் சுருட்டினது மாதிரி அடுக்கடுக்காக, விரலால் நசுக்கினாலே நொறுங்கும் மெல்லிய சுருள் பட்டை; அதன் வாசனை மெதுவானது, இனிப்புக்கும் பாலுக்கும் ஒத்துப்போகும். மற்றது, மரத்தோல் என்று பார்த்தவுடன் தெரியும்படி தடித்து, வெளியே சொரசொரத்து, உள்ளே செம்பழுப்பாக இருப்பது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா "சக்கெ" என்றும், கறிக்கடை பாய் "தால்சீனி" என்றும் சொன்னது இந்தத் தடித்ததைத்தான். கொதிக்கும் எண்ணெயையும் ஆட்டுக்கறியையும் வெங்காயத்தையும் எதிர்த்து நிற்க அதற்குத்தான் தெம்பு உண்டு என்பது அம்மாவின் கட்சி. பிரியாணிக்கு முதலில் காய்ந்த எண்ணெயில் முழுசாக விழ வேண்டும். குருமாவுக்குத் தேங்காயோடு அரைபட வேண்டும். வாங்கிபாத் பொடியில் மல்லிக்கும் மிளகாய்க்கும் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் கேக் செய்கிறவர்களுக்கு மட்டும் மாவாக இடித்துக் கொடுக்க வேண்டும். எதிலும் ஒரு துண்டு கூடிப்போனால் கசக்கும்.

கடையில் வாங்கும்போது அம்மாவுக்கு ஒரே பரீட்சைதான்: "உடைச்சாப் பேசணும், கடிச்சாச் சுடணும்." உடைக்கும்போது சடக்கென்று சத்தம் வராத பட்டை ஈரம் குடித்தது, கடித்துச் சுடாத பட்டை கிழடு. பட்டையை வெயிலில் போடவே மாட்டாள், வெயில் வாசனையைத் தின்றுவிடும் என்பாள். பொடியாக வைத்தால் சீக்கிரம் சாகும், முழுசாக வைத்தால் வருஷம் தாண்டும் என்பதால், சனிக்கிழமைதோறும் வேண்டியதை மட்டும் இடிப்பாள். புதுப் பட்டை வந்ததும் டின்னின் கழுத்தில் ஒரு வெள்ளை நூல் கட்டுவாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதில் ஒரு முடிச்சு விழும். இருபது முடிச்சுக்குள் டின் காலியாக வேண்டும். எழுத்து தெரியாத அம்மாவின் காலண்டர் அந்த நூல்தான்.

நான் பத்தாம் வகுப்பில் முதல் வகுப்பில் தேறினேன். மார்க்ஸ் கார்டு கைக்கு வந்த அன்று அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, கார்மெண்ட்ஸ் தையல் கம்பெனியில் எனக்குச் சொல்லி வைத்திருந்த இடத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தார். அம்மா விடவில்லை. மெஸ் ஆர்டர் நிற்காமல் வந்தால் பொண்ணு காலேஜுக்குப் போகட்டும், அது நின்றுபோனால் கார்மெண்ட்ஸ் என்று இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆக, என் படிப்பு ஒரு பிரியாணியின் மேல் ஏறி உட்கார்ந்தது.

அந்த மே மாதக் கடைசியில் பிடித்த மழையில் கூரை ஷீட் ஒழுகி, அடுப்புக்கு மேலிருந்த பலகை நனைந்தது. பட்டை டின்னும் துருப்பிடித்து அடியில் ஓட்டை விழுந்திருந்தது. எங்கள் வீட்டில் நனையாத இடம் ஒன்றே ஒன்று, கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டி. உயர்ந்த பொருள் எதுவானாலும் அதற்குள்தான் போகும்: ரேஷன் கார்டு, அம்மாவின் கல்யாணப் புடவை, இப்போது என் மார்க்ஸ் கார்டு. அம்மா பட்டையை ஒரு பழைய துணியில் மூட்டை கட்டி, புடவைக்கும் மார்க்ஸ் கார்டுக்கும் நடுவில் பத்திரமாக வைத்தாள்.

இரண்டு ஞாயிறுகள் கழித்துத் தண்டபாணி அண்ணனே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார், கையில் பாதி தீர்ந்த மசாலா டப்பாவோடு. முதல் ஞாயிறே இரண்டு பேர் முகம் சுளித்தார்களாம், இந்த ஞாயிறு தட்டுகள் அப்படியே திரும்பினவாம். "பிரியாணி பீரோ வாசனை அடிக்குதாம்க்கா. எந்தக் குப்பைய இடிச்சுக் குடுத்தீங்க?" என்றார். கத்தவில்லை, அதுதான் அம்மாவை அதிகம் சுட்டது. அடுத்த ஞாயிற்றுக்கு ஹெப்பகோடிக்கு அந்தப் பக்கம் அத்திபெலேயில் வேறு ஆளிடம் சொல்லியிருப்பதாகவும், அம்மாவின் பழக்கத்துக்காக நேரில் சொல்ல வந்ததாகவும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா டப்பாவை மோந்தாள், நான் மோந்தேன், அப்பாவும் மோந்தார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று முழுக்க அம்மா பட்டையை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தாள். எல்லாம் பேசின, எல்லாம் சுட்டன. "வேணும்னே சொல்றான்டி" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அப்பா கார்மெண்ட்ஸ் சூப்பர்வைசரைப் பார்க்கச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலேஜ் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். போகப்போவதில்லை என்று தெரிந்தும், மார்க்ஸ் கார்டை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் கார்டைக் கண்ணாடியின் மேல் வைக்கப் போனவர், நிறுத்தி, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்னம்மா, மார்க்ஸ் கார்டுல பிரியாணி பண்ணீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கூசிப்போய் அதைப் பிடுங்கி மோந்து பார்த்தேன். நடுத்தெருவில், மழை கழுவிய காற்றில், பட்டை வாசனை கும்மென்று எழுந்தது. பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அதற்கு அடியில், பின்னாலேயே, இன்னொன்று வந்தது: கூர்மையாக, குளிர்ச்சியாக, கண்ணை உறுத்தும் ஒன்று. அந்துருண்டை. கல்யாணப் புடவையைப் பூச்சி அரிக்காமல் இருக்க அம்மா வருஷா வருஷம் பெட்டியில் போடும் வெள்ளை உருண்டைகள். பட்டை தன் வாசனையை என் கார்டுக்குக் கொடுத்திருந்தது என்றால், அந்துருண்டையும் தன் வாசனையைப் பட்டைக்குக் கொடுத்திருக்கும். அந்த அறையிலேயே படுத்து எழுந்த எங்கள் மூக்குகளுக்கு இரண்டுமே வீட்டு வாசனை. வெளியே வந்த பிறகுதான் அவை பிரிந்து தெரிந்தன.

ஜெராக்ஸை மறந்து ஓடினேன். அம்மா நம்பவில்லை. கல்யாணப் புடவை இருக்கிற பெட்டியால் கெடுதல் வரும் என்பதை அவளால் ஏற்க முடியவில்லை. ஒரு துண்டுப் பட்டையோடு அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தெருமுனையில் பூக்கடைகளையும் தாண்டி, பஸ் நிற்கும் இடம் வரை நடத்தினேன். கொஞ்ச நேரம் சும்மா நிற்க வைத்தேன். பிறகு பட்டையை உடைத்து மூக்கின் கீழ் நீட்டினேன். அம்மா மோந்தாள். இன்னொரு முறை மோந்தாள். பிறகு அந்தத் துண்டைச் சாக்கடையில் வீசிவிட்டு, "நானே கெடுத்தேனா?" என்று என்னைக் கேட்காமல் தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்துருண்டை சாப்பிடவே கூடாத நஞ்சு என்று பிற்பாடு படித்தபோது, தட்டைத் திருப்பி அனுப்பிய அந்தப் பையன்களுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

மூட்டை முழுவதையும் கொட்டிவிட்டு அன்றே மார்க்கெட்டுக்குப் போய்ப் புதுப் பட்டை வாங்கினோம். இறுக்க மூடும் கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அடுப்புச் சூடும் வெயிலும் படாத மூலையில் வைத்தேன். ஜாடியில் நான் தேதி எழுதி ஒட்டினேன். அம்மா நூல் கட்டினாள்.

சனிக்கிழமை ஹெப்பகோடிக்குப் பஸ் ஏறினோம். தண்டபாணி அண்ணன் பின்வாசலில் வெங்காய மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார், அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இந்த முறை நான்தான் பேசினேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பட்டை குப்பை இல்லை, வைத்த இடம்தான் தப்பு, தப்பு எங்களுடையதுதான் என்றேன். அவர் திருப்பிக் கொண்டுவந்திருந்த பழைய மசாலாவில் ஒரு சிட்டிகையும், புதுப் பட்டை போட்டு அம்மா இடித்ததில் ஒரு சிட்டிகையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, எது எது என்று சொல்லாமல் நீட்டினேன். முதல் மடிப்பைத் திறந்ததும் தலையைப் பின்னால் இழுத்தார். இரண்டாவதைத் திறந்தவர் மூட மறந்து நின்றார். பிறகு உள்ளே போய் வாணலியில் எண்ணெய் காயவைத்து, நாங்கள் கொண்டுபோன பட்டையில் ஒன்றை உடைத்துப் போட்டார். அது பொரிந்து விரிந்து, அந்த வாசனை சமையல்கட்டைத் தாண்டிக் கூடத்துக்குப் போனபோது, சாப்பிட உட்கார்ந்திருந்த ஒரு பையன் இன்றைக்கே பிரியாணியா என்று எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"நாளைக்குப்பா" என்று அவனிடம் சொல்லிவிட்டு, தண்டபாணி அண்ணன் அம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, உங்க பொண்ண புக்கு நல்லாவே மோக்கச் சொல்லுங்க. மூக்குக்கு நல்லதாட்டம் இருக்கு." அத்திபெலே ஆளுக்கு எங்கள் முன்னாலேயே போன் போட்டு வேண்டாம் என்றார்.

விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்திருந்தது. ஆனால் திங்கட்கிழமை அப்பா தேய்த்து மாட்டியிருந்த அதே சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு காலேஜுக்கு வந்தார், அபராதத்தோடு வாங்கிக்கொண்டார்கள். என் மார்க்ஸ் கார்டைப் புரட்டிய பெண் கிளார்க் சுற்றுமுற்றும் பார்த்து, யார் டிபன் பாக்ஸைத் திறந்தது என்று கன்னடத்தில் கேட்டார். அப்பாதான் சிரித்தார்.

இன்று அந்த மெஸ் இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த கட்டடம் நிற்கிறது, எங்கள் தகர ஷீட் வீட்டை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள், பெட்டியைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோய்விட்டார். எண்ணெயில் பட்டை விழும் சத்தம் கேட்டு ஒரு கூடமே தலை திருப்பும் ஞாயிறுகளும் போய்விட்டன. நான் உணவு அறிவியல் படித்து, மசாலாப் பொருட்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தேன். அங்கே இயந்திரங்கள் சொல்வதற்கு முன்னாலேயே பழைய பட்டையை என் மூக்கு சொல்லிவிடும். வயதாகிச் சொந்த ஊருக்குப் போய்விட்ட தண்டபாணி அண்ணன் இப்போதும் வீட்டு விசேஷத்துக்குப் பட்டை வாங்கினால், ஒரு துண்டைப் பேரனிடம் கொடுத்தனுப்பி, "படிச்ச பொண்ணு மோந்து பாத்துச் சொல்லட்டும்" என்கிறார்.

போன மாதம் அந்த வேலையை விட்டேன். அத்திபெலேயில் மெயின் ரோட்டுக்குப் பின்னால், கூரை ஒழுகாத ஓர் அரவைக் கூடத்தின் சாவி இப்போது என் கைப்பையில் இருக்கிறது. நேற்று முதல் ஜாடியை அங்கே அலமாரியில் ஏற்றினோம். லேபிளில் நான் தேதி எழுதினேன். அம்மா நூலைக் கட்டி, முதல் முடிச்சைப் போட்டாள்.